ஓடும் வீட்டின் சிறு பழுதுகள்

வீடு என்றால் நிலைத்து நிற்பது. வண்டி என்றால் ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து மனிதன் செய்துகொண்ட பொருளே மோட்டார் வீடு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது மிகவும் பெருகியிருக்கிறது. லாரியளவுள்ள ஒரு வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, நீர்த்தொட்டி, கழிப்பறை யாவும் அடங்கியிருக்கும். குடும்பத்தோடு அதிலேயே உண்டு உறங்கி ஊர் ஊராகச் செல்லலாம். செல்வர் பலர் இதை உல்லாசத்தின் பொருட்டு வாங்குகின்றனர். நாம் இன்று எழுதப் புகுந்தது அவர்களைப் பற்றியன்று. வேறு வீடு இல்லாமையால் பழைய மோட்டார் வீடொன்றையே தஞ்சமாகக் கொண்டு வாழ்வோரைப் பற்றியும், அவ்வண்டிகளில் அன்றாடம் தோன்றும் சிறு பழுதுகளைப் பற்றியுமே எழுதுகிறோம்.

'ஒரு திருகாணி கழன்றது, ஒரு குழாய் கசிந்தது என்பதற்கெல்லாம் தலையங்கப் பக்கத்தில் இடமா?' என்று நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். பெரிய விஷயங்களையே பேசிப் பழகியவர்களுக்குச் சிறிய விஷயங்கள் அற்பமாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் ஐப்பசி மழை வருமுன் கூரையைப் பிரித்து வேயாத குடியானவன் கார்த்திகையில் மண்சுவரையே இழக்கிறான் என்பதை நம்மவர் அறியாதவரல்லர். மோட்டார் வீட்டின் கதையும் அதுவே. அதில் சிறு பழுதென்பது பெரும் பழுதின் முதல் நாள் என்க.

வீடிழந்தோரின் வீடு

2008-ஆம் வருஷத்தில் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் எண்ணற்ற குடும்பத்தார் பாங்கிக் கடனைக் கட்ட வழியின்றித் தம் வீடுகளைப் பறிகொடுத்தனர். ஆயுள் முழுதும் உழைத்து, ஓய்வு பெறும் வயதை எட்டியவர்களும் அவர்களுள் இருந்தனர். வாடகை கொடுக்கவும் சக்தியற்ற பலர் பழைய மோட்டார் வீட்டையோ வேனையோ குறைந்த விலைக்கு வாங்கி, வேலை கிடைக்குமிடத்தை நாடிப் புறப்பட்டனர். அறுவடைக் காலத்தில் சர்க்கரை பீட்டுக் கிழங்கு வயல்களிலும், கிறிஸ்துமஸ் பண்டிகைக் காலத்தில் பெருங் கம்பெனிகளின் பண்டகசாலைகளிலும், கோடையில் கானகத் தங்கலிடங்களிலும் அவர்கள் கூலிக்கு உழைத்தனர். ஜெஸிக்கா ப்ரூடர் என்னும் பத்திரிகையாளர் இவர்களோடு பழகி, இவர்களுடைய வாழ்க்கையை விவரித்து 2017-ல் 'நோமாட்லாண்ட்' என்னும் நூலை வெளியிட்டார். அதைத் தழுவி எடுத்த திரைப்படம் 2021-ல் சிறந்த படத்துக்குரிய ஆஸ்கர் பரிசைப் பெற்றது. உலகம் படத்தைப் பார்த்துக் கண்ணீர் சிந்தியது. ஆனால் கண்ணீர் கூரையின் ஒழுக்கை அடைக்காது.

நிலைத்த வீட்டில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரர் கொத்தனாரை அழைக்கிறார். கொத்தனார் வேலை செய்துகொண்டிருக்கும்போதே குடும்பம் அடுத்த அறையில் குடியிருக்கிறது. மோட்டார் வீட்டுக்காரரின் நிலை அப்படியன்று. வண்டியைப் பட்டறையில் விட்டால் அன்றிரவு எங்கே உறங்குவது? நான்கு நாள் ஹோட்டலில் தங்கும் செலவு பழுதுபார்க்கும் கூலியையே விழுங்கிவிடும். வண்டி ஓடாவிட்டால் வேலைக்கும் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் வண்டியைச் சீர்செய்யப் பணமும் இராது. ஆகையால் சிறு பழுதைத் தம் கையாலேயே, உரிய காலத்திலேயே, தெருவோரத்திலேயே சரிசெய்துகொள்ளும் திறன் அவர்களுக்கு உல்லாச வித்தையன்று. அதுவே அவர்களுடைய வீட்டுப் பத்திரம்.

ஜலமே முதற் பகை

பழைய மோட்டார் வீடுகளை அழிப்பது ஓட்டமன்று, மழை. இஃது அனுபவஸ்தர் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை. எஞ்ஜின் தேய்ந்தால் வேறு எஞ்ஜின் பொருத்தலாம். கூடு உளுத்துப்போனால் பொருத்துவதற்கு எதுவுமில்லை. இவ்வண்டிகளில் பலவற்றுக்கு வெளியே மெல்லிய அலுமினியத் தகடோ பைபர் கிளாஸ் தகடோ இருக்கும். உள்ளே மரச்சட்டங்களும் ஒட்டுப்பலகையும் இருக்கும். கூரையிலோ காற்றுப்போக்கி, வெளிச்சத் திறப்பு, ஏணி, குளிர்சாதனம் ஆகியவற்றின் பொருட்டு எத்தனையோ துவாரங்கள் இட்டிருப்பார்கள். அத்துவாரங்களைச் சுற்றி அடைத்த பசை வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. வண்டி ஓடும்போதெல்லாம் கூடு குலுங்குவதால் வெடிப்பு விரிகிறது. மயிரிழை போன்ற அவ்வெடிப்பின் வழியே இறங்கும் ஜலம் மரச்சட்டத்தை ஊறவைத்து, ஒட்டுப்பலகையைப் பிரித்து, தரையை மெத்தென்றாக்கிவிடும். வெளித்தகடு கொப்புளம்போல் உப்பிக் காணும்போது உள்ளே பாதி மரம் மண்ணாகியிருக்கும்.

இதில் மற்றொரு வஞ்சனையும் உண்டு. கறை தோன்றுமிடம் வேறு, ஜலம் புகுமிடம் வேறு. கூரையின் முன்பக்கத்தில் நுழைந்த நீர் சட்டத்தின் வழியே ஓடிப் படுக்கையின் மேல் சொட்டக்கூடும். கறையைக் கண்டவுடன் அவ்விடத்தின்மேல் பசையைப் பூசிவிட்டுத் திருப்தியடைபவர், வாசலில் வந்த திருடனைக் கொல்லைப்புறத்தில் தேடுகிறவராவார். கறையிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு துவாரமாக, ஒவ்வொரு மூட்டாகச் சோதித்து வரவேண்டும். விரலால் அழுத்திப் பார்த்தால் உளுத்த இடம் குழியும். முட்டியால் தட்டிப் பார்த்தால் ஓசை மாறும்.

பரிகாரம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இடத்தைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அக்கூரைக்கென்றே செய்த பசையை இடவேண்டும். கடையில் முதலில் கண்ணில்பட்ட ஸிலிக்கோனைப் பழைய பசையின் மேலேயே அப்புவது பெருந்தவறு. ஸிலிக்கோன் பூசிய இடத்தில் பிற்பாடு வேறெந்தப் பசையும் சரிவர ஒட்டாது. இன்றைய அவசரம் நாளைய வேலையையும் கெடுத்துவிடும். வருஷத்துக்கு இரண்டு முறை, அஃதாவது குளிர்காலத்துக்கு முன்னொரு தடவையும் பின்னொரு தடவையும், கூரைமேல் ஏறிப் பார்ப்பவருக்கு இத்துன்பம் அனேகமாக வருவதில்லை.

குளிர் நாட்டில் ஜலத்துக்கு இரண்டாவது ஆயுதமும் உண்டு. உறையும்போது அது நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் பெருக்கிறது. குழாயில் தங்கிய நீர் ஓரிரவில் உறைந்தால் குழாயும் பம்பும் பிளக்கின்றன. நீரை முழுதும் வடித்துவிட்டு, உறையாத திரவத்தைக் குழாயில் செலுத்தி வைப்பது அரை நாள் வேலை. அதைச் செய்யாதவருக்கு வசந்தகாலத்தில் குழாய் முழுவதையும் மாற்றும் வேலை காத்திருக்கிறது.

முன்னது எது, பின்னது எது?

பழைய வண்டியில் பழுதுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. அலமாரிக் கதவு திறந்துகொள்கிறது, விளக்கு மங்குகிறது, குழாய் கசிகிறது, டயர் வெடித்துக் காண்கிறது. கையிலுள்ள பணமோ ஒன்றுக்கே போதும். இச்சமயத்தில் கண்ணை உறுத்துவதை முதலில் கவனித்து, உயிரை வாங்குவதைப் பின்னுக்குத் தள்ளுவது மனித சுபாவம். ஆதலின் பழுதுகளை மூன்று வகுப்பாகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதல் வகுப்பு உயிரைப் பற்றியது: பிரேக், டயர், காஸ், எண்ணெய்க் குழாய். மோட்டார் வீட்டின் டயர் பெரும்பாலும் தேய்ந்து கெடுவதில்லை. நின்ற இடத்தில் வெயில் பட்டு முதுமையடைந்து கெடுகிறது. மேல்வரிகள் புத்தம் புதிது போலிருந்தாலும் ஏமாறலாகாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் அச்சிட்டிருக்கும். '2319' என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பத்து வருஷம் கடந்த டயரைத் தோற்றம் எப்படியிருப்பினும் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகளின் பொதுவான எச்சரிக்கை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். அதனால்தான் காஸ் கசிவை அறிவிக்கும் கருவியைத் தரையோரத்தில் பொருத்துகின்றனர். அக்கருவிக்கும் ஆயுள் உண்டு. ஐந்து முதல் ஏழு வருஷத்துக்குள் அது பயனற்றுப்போகும். காஸ் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. குமிழி எழுந்தால் கசிவென்று அறியலாம். தீக்குச்சி கிழித்துச் சோதிப்பவர் இரண்டாம் முறை சோதிக்க இருப்பதில்லை.

இரண்டாம் வகுப்பு கூட்டைப் பற்றியது. கூரை, சன்னல், தரை இவற்றில் நீர் புகுதலே அது. மூன்றாம் வகுப்பு வசதியைப் பற்றியது: கீல், தாழ்ப்பாள், திரை, விளக்கு, குளிர்பெட்டி. இவ்வகுப்பில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்விளக்கு மங்கினால் உடனே புது விளக்கும் புதுக் கம்பியும் வாங்க ஓடுபவர் பலர். வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும் 'எர்த்' கம்பியின் முனை துருப்பிடித்திருப்பதே மிகப் பல சமயங்களில் காரணமாகும். உப்புக்காகிதத்தால் தேய்த்து இறுக்கினால் விளக்கு பிரகாசிக்கும். அதேபோல், காஸில் இயங்கும் குளிர்பெட்டி குளிரவில்லையென்றால், வண்டி சமமான தரையில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்பெட்டிக்குள் ஓடும் இயந்திரம் எதுவுமில்லை. 1922-ல் பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் முந்தர்ஸ் என்னும் இரண்டு ஸ்வீடிஷ் மாணவர்கள் கண்டுபிடித்த முறைப்படி, அம்மோனியாவும் நீரும் ஹைட்ரஜனும் வெப்பத்தாலும் தம் எடையாலுமே உள்ளே சுற்றி வருகின்றன. வண்டி சாய்ந்து நின்றால் அச்சுற்று தடைப்படுகிறது. குற்றம் பெட்டியினதன்று, நிறுத்தியவருடையது.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் வேண்டும். எந்தத் தேதியில் எதைப் பார்த்தோம், எதை மாற்றினோம், எது அடுத்த மாதம் காத்திருக்கிறது என்பதைக் குறித்து வைத்தவருக்குப் பாதிக் கவலை குறையும். பழைய வண்டியை விற்கும் காலத்திலும் அப்புஸ்தகமே சிறந்த சாட்சி.

கைவிட்ட கம்பெனியும் கைவிடாத மனிதரும்

'பழையதை எவ்வளவு ஒட்டினாலும் பழையதுதானே?' என்று கேட்பார்க்கு ஓர் உதாரணம் காட்டுவோம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1973 முதல் 1978 வரை ஜி. எம். சி. மோட்டார் வீடு என்னும் வண்டியைச் செய்தனர். 23 அடி, 26 அடி என்னும் இரு நீளங்களில், மொத்தம் 12,921 வண்டிகள் செய்யப்பட்டன. முன்சக்கரங்களை எஞ்ஜின் இயக்குவதால் தரை தாழ்ந்திருக்கும். பின்புறத்தில் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்கள், காற்றடைத்த பைகளின்மேல் தாங்கி நிற்கும். கூடு அலுமினியத்தாலும் பைபர் கிளாஸாலும் ஆனது. ஐந்தாறு வருஷத்துக்குள் கம்பெனி அத்தொழிலை விட்டுவிட்டது.

ஆனால் வண்டிக்காரர் வண்டியை விடவில்லை. அவர்கள் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். கிடைக்காத உறுப்புகளைச் சிறு பட்டறைக்காரர் செய்து கொடுக்கின்றனர். ஒருவர் கண்ட உபாயத்தை மற்றவர் அறிகிறார். இரவில் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால் காற்றுக் குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவைக் காண்கின்றனர். எரிசாராயம் கலந்த இக்காலத்துப் பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாயை அரித்துவிடும். ஒழுகும் பெட்ரோல் சூடான எஞ்ஜின்மேல் விழுந்தால் வண்டி சாம்பலாகும். ஆகவே அக்குழாய்களையெல்லாம் புதிய வகைக் குழாய்களாக மாற்றுகின்றனர். செய்த கம்பெனி மறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டாகியும் அவற்றுள் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. ஒரு பொருளின் ஆயுளை நிச்சயிப்பவர் அதைச் செய்தவர் மட்டுமல்லர். அதை வைத்துப் போற்றுபவருமாவர்.

இதனோடு சேர்ந்த உரிமையொன்றும் உண்டு. பழைய வண்டியை ஸ்பானரும் திருப்புளியும் கொண்டு சீர்செய்யலாம். புதிய வண்டியிலோ குற்றம் இன்னதென்று அறிவதற்கே கம்ப்யூட்டர் வேண்டும். அதன் ரகசியம் கம்பெனியிடம் இருக்கிறது. 2012-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து வாக்காளர், மோட்டார் கம்பெனிகள் பழுதறியும் விவரங்களைச் சொந்தக்காரருக்கும் சுதந்திரப் பட்டறைகளுக்கும் கொடுத்தாக வேண்டும் என்னும் சட்டத்தைப் பெருவாரியாக ஆதரித்தனர். வண்டியிலிருந்து கம்பியின்றி அனுப்பப்படும் தகவல்களுக்கும் 2020-ல் அதை விரித்தனர். தன் பொருளைத் தானே சீர்செய்துகொள்ள இயலாதவன் அப்பொருளுக்குச் சொந்தக்காரனல்லன், குத்தகைக்காரனே.

வண்டியா, வீடா?

சட்டம் இவ்விஷயத்தில் இரண்டு குரலில் பேசுகிறது. ஸான் டியாகோ நகரத்தில் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் வீட்டுக்குள் அதிகாரிகள் வாரண்டு இல்லாமல் புகுந்து சோதித்த வழக்கு, 1985-ல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. வீட்டுக்குள் வாரண்டின்றி நுழையலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் பொது விதி. பிரதம நீதிபதி பர்கரும் மற்றைய ஐவரும், ஓடக்கூடிய நிலையில் பொது இடத்தில் நிற்கும் மோட்டார் வீடு இவ்விஷயத்தில் வண்டியே என்று தீர்ப்பளித்தனர். நீதிபதி ஸ்டீவன்ஸும் வேறிருவரும் மாறுபட்டனர்.

2021-ல் வாஷிங்டன் ராஜ்யத்து ஸுப்ரீம் கோர்ட்டார் வேறொரு வழக்கைத் தீர்த்தனர். ஸியாட்டில் நகரத்தில் ஒருவர் தம் லாரியிலேயே வசித்து வந்தார். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வண்டி நிற்கலாகாது என்னும் விதிப்படி, 2016-ல் நகர அதிகாரிகள் அதை இழுத்துச் சென்றனர். மீட்ட செலவு சுமார் 547 டாலர். அதை மாதம் 50 டாலர் வீதம் அவர் செலுத்த வேண்டுமென்று ஏற்பட்டது. அவ்வண்டி குடியிருப்பு என்னும் பாதுகாப்புக்கு உரியதென்றும், அவர்மீது சுமத்திய தொகை அவருடைய நிலைமைக்கு அளவுமீறிய அபராதமென்றும் கோர்ட்டார் கூறினர்.

சோதனைக்கு வண்டி, கடனுக்கு வீடு. சட்டத் தொழிலில் பழகிய நமக்கு இது விந்தையன்று. ஆனால் வண்டியில் வாழும் ஏழை இதிலிருந்து அறியவேண்டுவது ஒன்றுண்டு. மூன்று நாளுக்கொருமுறை வண்டியை நகர்த்த வேண்டிய ஊரில், பாட்டரி இறந்துபோவது சிறு பழுதன்று. 12.6 வோல்ட்டு காட்ட வேண்டிய பாட்டரி 12-க்குக் கீழ் இறங்குவதைக் கவனியாமல் விட்டவர், நான்காம் நாள் காலையில் இழுவை லாரியைக் காண நேரிடும்.

முதுமை ஒரு குற்றமா?

அமெரிக்காவில் தனியார் நடத்தும் தங்கலிடங்கள் பலவற்றில், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இடமில்லை என்று விதி வைத்திருக்கின்றனர். சில இடங்களில் போட்டோ அனுப்பச் செய்து, தோற்றத்தைப் பார்த்து அனுமதிக்கின்றனர். இடிந்து நாறும் வண்டி பக்கத்தில் நிற்பதை எவரும் விரும்பார் என்பது மெய்யே. அதற்கு வண்டியைச் சோதித்து, குறை கண்டால் மறுப்பது நியாயம். வயதை மட்டும் கேட்டு வாசலை மூடுவது நியாயமன்று. இருபது வருஷமாக ஒருவர் வருஷமிருமுறை கூரையேறிக் காத்த வண்டிக்கு இடமில்லை; அசிரத்தையால் மூன்றே வருஷத்தில் உளுத்த வண்டிக்கு இடமுண்டு என்றால், அவ்விதி காப்பவரைத் தண்டித்துக் கெடுப்பவரைப் பாராட்டுகிறது.

மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா வண்டியும் காக்கத்தக்கதன்று. அடிச்சட்டம் துருவில் உதிர்ந்துபோனாலும், சுவர்ச்சட்டம் முழுதும் உளுத்துப்போனாலும், மேற்கொண்டு பணத்தைக் கொட்டுவது அவிவேகம். வாங்குமுன் மினுக்கும் திரைச்சீலையைப் பாராமல் கூரையையும் தரையையும் அடிப்புறத்தையும் பார்ப்பவர் ஏமாறார். காக்க வேண்டியதை உரிய காலத்தில் காப்பதும், விடவேண்டியதைத் துணிந்து விடுவதும் ஒரே விவேகத்தின் இரு கைகள்.

முளையிலே கிள்ளாததை முற்றியபின் கோடாலி கொண்டும் வெட்ட முடியாது என்று நம் பாட்டிமார் சொல்வர். ஒரு டப்பி பசை, ஒரு துண்டு சோப்பு, ஒரு தாள் உப்புக்காகிதம், ஒரு நோட்டுப் புஸ்தகம்: வீடிழந்த ஒருவர் இரண்டாம் முறையும் வீடிழவாமலிருக்கப் பல சமயங்களில் இவையே போதுமானவை. இவற்றோடு வேண்டுவது வருஷத்தில் இரண்டு நாள் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறும் சிரத்தை. அச்சிரத்தையை எந்த ஸர்க்காரும் எந்தக் கோர்ட்டும் ஒருவருக்கு வழங்க முடியாது. ஆனால் அச்சிரத்தையோடு காத்து வைத்த கூரையை அவரிடமிருந்து பறிக்காமலிருப்பது ஸர்க்காரின் கடமை. நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு வயதைக் காட்டி இடம் மறுக்காதிருப்பது சமூகத்தின் கடமை. மழை இருவருக்காகவும் காத்திராது.